நிமிடத்துக்கு எழுபத்திரண்டு

சும்மா உட்கார்ந்திருக்கிற மனுசனுக்கு நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு துடிப்பு. இர்ஷாத்தின் மணிக்கட்டைப் பிடித்துப் பாளையங்கோட்டை டாக்டர் மூன்று தரம் எண்ணினார். "இப்படியே வருசக்கணக்கா ஓடுனா இதயம் தளந்துரும். வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க, ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம்" என்றார். அன்றிலிருந்து அவன் மனைவி ரைஹானத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கோ அதே வியாழக்கிழமை காலையில் சவூதியில் தமாம் வேலைக்கான மெடிக்கல் பரிசோதனை. துடிப்பு நூறைத் தாண்டினால் ஆளை எடுக்க மாட்டார்களாம்.

விசா ஏஜெண்டு அசன் முகம்மது மேலப்பாளையத்து வீட்டுக்கே வந்துவிட்டான். அவள் போட்ட டீயை உறிஞ்சிக்கொண்டே பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான்.

"மெடிக்கலுக்கு ஒரு மணி நேரம் முன்னால ஒண்ணு போடு லே. துடிப்பு பைய இறங்கிரும். பிஸ்மி சொல்லிப் போட்டுக்கோ."

தூ! செய்கிற திருட்டுத்தனத்துக்கு அல்லா பேரைச் சொல்லி பிஸ்மி ஒரு கேடா? ரைஹானத் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"வெக்கமா இல்லியா அசன் காக்கா? நோயப் பாக்க விடாம மூடி மறைக்கச் சொல்லுதிய!"

"நான் அனுப்புன ஆளுகள்ல பாதிப்பேரு இப்படிப் போனவனுவதாம்மா" என்று வெற்றிலைப் பல்லைக் காட்டி இளித்தான். அவன் போனதும் அந்தத் தம்ளரைச் சாம்பல் போட்டு இரண்டு தரம் தேய்த்தாள்.

வியாழக்கிழமை மெடிக்கல் சென்டர் வாசலில் காத்திருந்தாள். இர்ஷாத் மாப்பிள்ளை மிடுக்கோடு வெளியே வந்தான்.

"எழுபத்திரண்டு! பாத்தியாளா?"

"அது மாத்திரைல்லா மச்சான்! சாயங்காலம் ஸ்கேனுக்குப் போவோம்."

"மாத்திரை சும்மா பேருக்குத்தான். நெஞ்சுல நோவு இருந்தா மிஷினு எழுபத்திரண்டு காட்டுமா? அந்த டாக்டருக்குத்தான் எண்ணத் தெரியல."

சொன்னதோடு விட்டானா? அவள் கண் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டான். கம்பெனியை ஏமாற்றப்போகிறானே என்றுதான் இத்தனை நாளும் அருவருத்துக் கிடந்தாள். இந்தக் கூத்தை அவள் நினைத்தே பார்க்கவில்லை.

"ஊரயெல்லாம் ஏமாத்துனிய, சரி. ஒங்கள நீங்களே ஏமாத்தணுமா மச்சான்?" அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் அதற்குள் தாயாருக்கு அடுத்த போன் போட்டிருந்தான்.

"உம்மா, ஒண்ணும் பயப்படாதிய. எனக்கு நெஞ்சுல ஒரு நோயும் இல்லியாம்."