சிங்க மணை

எங்கள் வீட்டுச் சாமி அறையில் ஒரு மணை இருந்தது. முழங்கால் உயரம்கூட வராது. நாலு கால்களும் வளைந்து இறங்கி, நுனியில் சிங்கத்தின் பாதம் போல நகத்தோடு முடியும். மேலே மெத்தென்று ஒரு திண்டு, அதைச் சுற்றி வரிசையாகப் பித்தளை ஆணிகள். சிங்க மணை என்று பெயர். பங்காளிகள் வீட்டில் எந்தக் கல்யாணமானாலும் நலங்குக்கு மாப்பிள்ளையை அதில்தான் உட்கார வைப்பார்கள். மற்ற நாளெல்லாம் அதன் மேல் மஞ்சள் துணி விரித்து, நரசிம்மர் படமும் காமாட்சி விளக்கும் இருக்கும். மாரண்டஹள்ளிக்கு நான் மருமகளாக வந்த அன்று முதலில் விழுந்து கும்பிட்டதே அதைத்தான். மாமனார் மாமியாரெல்லாம் அப்புறம்தான்.

என் வீட்டுக்காரர் திருமாலின் தாத்தா, மலை மேல் இருந்த ஃபாரஸ்ட் பங்களாவில் காவல்காரராக இருந்தவர். வெள்ளைக்காரத் துரை சொந்த ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்தார் என்று மணையைத் தலையில் சுமந்துகொண்டு இறங்கினாராம். சிங்கக் காலைப் பார்த்ததும் ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டதாம். அதற்கப்புறம் அதைச் சாமி அறையிலிருந்து இறக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

திருமாலுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. தக்காளிக் காட்டில் வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று நான் கத்தாத நாளில்லை. விளைகிற மண்ணில் செருப்போடு எப்படி இறங்குவது என்பார். செடிக்குப் பந்தல் கட்டும் கம்பி ஒன்று இடது உள்ளங்காலில் ஏறிவிட்டது. காலில் உணர்ச்சி செத்துப் போனதால் அவருக்குத் தெரியவே இல்லை. வாசலில் ரத்தத் தடத்தைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கண்டிப்பாகச் சொன்னார்.

"காலைத் தொங்கப் போடவே கூடாது. உக்காரும்போதெல்லாம் மெத்துனு இருக்கறது மேல தூக்கி வைங்க. வீக்கம் வடிஞ்சாதான் புண்ணு ஆறும். ஆறலைன்னா காலை எடுக்க வேண்டி வரும்."

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகச் சாமி அறைக்குப் போய் விளக்கை எடுத்துக் கீழே வைத்தேன்.

"என்னாடி பண்ற?" என்றார் திருமால்.

"மணைய எடுக்கறங்க. உங்க காலு வெக்க இத வுட்டா நம்ம வூட்டுல வேற என்னா இருக்குது?"

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? எங்கப்பன் உக்காந்த மணை. நான் உக்காந்த மணை. சாமி மேல காலு வெக்கச் சொல்றியா?"

"சாமி ஒண்ணும் கோச்சுக்காதுங்க. நான் வேண்டிக்கறன்."

"வெளக்க எடுத்த எடத்துல வையி."

வைத்தேன். அவர் குரல் நடுங்கியது. கோபத்தில் இல்லை, பயத்தில். புண்ணோடு பாவமும் சேர்ந்தால் தாங்க முடியாது என்று நினைத்திருப்பார். அந்தப் பயத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

தலையணைகளை அடுக்கிப் பார்த்தேன், சரிந்தன. பிளாஸ்டிக் சேர் உயரம் அதிகம், தொடை இழுக்கிறது என்றார். கடைசியில் தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றை அவரே கவிழ்த்துப் போட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் கிரேட்டுக்கா பஞ்சம்?

"பாத்தியா, அளவெடுத்த மாதிரி இருக்குது" என்று சிரித்தார். அதன் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டுவிட்டு நான் வேலையைப் பார்க்கப் போனேன்.

கவிழ்த்ததில் மேலே வந்த கிரேட்டின் அடிப்பக்கத்தில் ஒரு இடத்தில் பிளாஸ்டிக் உடைந்து பல் போல நீட்டிக்கொண்டிருந்தது. சாக்கு நகர்ந்து நகர்ந்து, அந்தப் பல் அவர் குதிகாலில் ஏறியிருக்கிறது. வலித்தால்தானே காலை எடுப்பார்? டி.வி. பார்த்துக்கொண்டும், பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி என்ன விலை போகிறது என்று போனில் கேட்டுக்கொண்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கட்டு மாற்றும்போது பார்த்தேன். உள்ளங்கால் புண் நன்றாக ஆறிக்கொண்டு வந்தது. குதிகால் கறுத்துப் போயிருந்தது.

குதிகாலில் பிடித்த அழுகல் அங்கே நிற்கவில்லை. முதலில் பாதத்தை எடுத்தார்கள். பிறகு முட்டிக்கு மேலே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும், எடுத்த காலை என்ன செய்வார்கள் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் மனம் வரவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு ராஜாமணி தன் பழைய ஓட்டு வீட்டை இடிக்க ஆரம்பித்தார். கதவையும் தூணையும் வாங்க ஓசூரிலிருந்து பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் வந்திருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தவரின் கண், சாமி அறையிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, அது ஃபுட்ஸ்டூல்தானே?"

"என்னாங்க?"

"கால் வெக்கற ஸ்டூலுங்க. துரைங்க சேர்ல சாஞ்சுக்கிட்டு, பூட்ஸ் காலைத் தூக்கி இது மேல போட்டுக்குவாங்க. என் கடையிலகூட கெடக்குது. இதே சிங்கப் பாதம், இதே பித்தளை ஆணி. இதும்மேல போய் யாருங்க வெளக்கு வெச்சது?" என்று சத்தமாகச் சிரித்தார்.

பிறகுதான் சுவரோரம் சேரில் இருந்த திருமாலைப் பார்த்தார். மடித்துச் செருகியிருந்த வேட்டியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. பாதித் தண்ணீரோடு சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாத்தாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்தத் துரையின் பூட்ஸைக் கழற்றிவிட்டதே அவராகத்தான் இருக்கும். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார், புண்ணியவான்.

இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. விளக்கையும் படத்தையும் தரையில் வைத்தேன். மஞ்சள் துணியை உருவிப் போட்டேன். மணையைத் தூக்கி வந்து அவர் முன்னால் போட்டு, வலது காலை எடுத்து அதன் மேல் வைத்தேன். அந்தக் காலும் வீங்கத் தொடங்கியிருந்தது. அவர் தடுக்கவில்லை. குதிகால் திண்டில் மெதுவாக அமுங்கியது. உயரமும் சரியாக இருந்தது. இரண்டு பாதம் வைப்பதற்கென்று செய்த அகலம் அது. பாதி இடம் சும்மா கிடந்தது. அந்தப் பாதியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அவருடைய அண்ணன் மகன் ரஞ்சித்குமார். காரிமங்கலத்தில் அவனுக்குக் கல்யாணம். நலங்குக்கு மணையை எடுத்துப் போக வந்திருந்தான்.

"சித்தப்பா! என்னா சித்தப்பா இது? சிங்க மணை மேல காலு வெச்சிருக்கீங்க?" அவன் முகமே மாறிவிட்டது.

"டேய், அது சாமி மணையே இல்லடா. அது..." என்று நான் ஆரம்பித்தேன்.

"சசி" என்றார் திருமால். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் இல்லை அவர். வாயை மூடிக்கொண்டேன். இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து, காலைத் தூக்கிக் கீழே வைத்தார்.

"மாத்திரை போட்டதுல தல சுத்திக்கினு இருந்துச்சுடா. எதுன்னு பாக்காம வெச்சிட்டன். மஞ்சத் தண்ணியில கழுவி எடுத்துட்டுப் போ. சாமி பொறுத்துக்கும்."

ரஞ்சித்குமார் மணையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சிற்றப்பன் செய்த குற்றத்துக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு அதை மஞ்சள் துணியில் சுற்றி, வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு போனான்.

"ஏங்க பொய் சொன்னீங்க? அந்த ஆளு சொன்னது உங்க காதுல உழுந்துச்சு இல்ல?" என்று கேட்டேன்.

மணை கிடந்த இடத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அது சாமியாவே இருக்கட்டும்டி. இல்லன்னா என் காலு எதுக்குப் போச்சு?"

நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "காலு கனக்குது, கிரேட்ட இழுத்துப் போடு" என்றார்.

கொல்லையிலிருந்து ஒரு கிரேட்டை எடுத்து வந்து கவிழ்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். எங்கே தொட்டாலும் சொரசொரத்தது. பழைய புடவை ஒன்றை நாலாக மடித்து அதன் மேல் போட்டு, மிச்சமிருந்த காலைத் தூக்கி வைத்தேன்.