ஆதிமனிதனின் காலை டிபன்

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், இருபத்தைந்து லட்சம் வருஷமாக மனித குலம் ஏங்கிக் காத்திருந்த மகத்தான திருப்பம், பிப்ரவரி மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் போகிற வழியில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனியின் கேண்டீனில் நிகழ்ந்தது. அன்றைக்கு இட்லியை நிறுத்தினார்கள்.

நோட்டீஸ் ஒரு வாரம் முன்னாலேயே ஒட்டியாகிவிட்டது. தமிழ், உருது, இங்கிலீஷ் மூன்றிலும் இருந்தது. மூன்றிலும் பிழை இருந்தது. ‘ஆதி ஆரோக்கியத் திட்டம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே ஈட்டி பிடித்த கற்கால மனிதன் படம். அவன் காலில் கம்பெனி ஷூவை மாட்டிவிட்டிருந்தார்கள். எச்.ஆர். மேனேஜர் ஜெயப்பிரகாஷ் சாரின் யோசனை.

பத்தொன்பது வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தவன் நோட்டீஸை மேலிருந்து படிக்க மாட்டான். கட்டிங் செக்‌ஷன் இன்பராஜ் கீழிருந்துதான் ஆரம்பித்தான். அங்கே பொடி எழுத்தில் இரண்டு வரி: ‘28ஆம் தேதி மெஷின் ஆபரேட்டர்கள் அனைவருக்கும் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை இருநூறுக்கு மேல் உள்ளவர்கள், அவர்கள் நலன் கருதி, இலகுவான பணிக்கு மாற்றப்படுவார்கள்.’

இலகுவான பணி என்றால் பேக்கிங். அங்கே போன எவனும் திரும்பி வந்ததில்லை. கட்டிங்மேன் என்று பேர் எடுத்தவன் ஹெல்பர் ஆவான், நேற்று சேர்ந்தவன் கூப்பிட்டாலும் ஓடுவான். சம்பளம் இளைத்துப்போகும். வேலூரில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் ஜோதி ஏதாவது ஜவுளிக்கடையில் நின்றுகொண்டு புடவை மடிப்பாள்.

இன்பராஜின் சர்க்கரை போன மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

திட்டத்தைத் தொடங்கி வைக்க முனைவர் மூர்த்தி என்பவர் காரில் வந்தார். ‘ஆதி உணவு ஆலோசகர்’ என்று கார்டில் போட்டிருந்தது. முனைவர் பட்டம் விற்பனை மேலாண்மையில் வாங்கியது. அந்தத் தகவலைக் கார்டில் போட இடம் பத்தவில்லை. கேண்டீனில் அறுநூறு பேரை உட்காரவைத்து மைக்கைப் பிடித்தார்.

“உங்கள் உடம்பு உங்களுடையது அல்ல!” என்று ஆரம்பித்தார். தொழிலாளிகளுக்கு இது ஏற்கெனவே தெரியும் என்பதால் யாரும் அதிரவில்லை. “அது ஆதிமனிதனின் உடம்பு! சிங்கம் தின்றுவிட்டுப் போன மிச்சத்தில் எலும்பைக் கல்லால் உடைத்து மஜ்ஜையை உறிஞ்சினான். அந்தக் கொழுப்பில்தான் மூளை வளர்ந்தது. எடையில் நூற்றில் இரண்டு பங்கு இருக்கிற மூளை, நீங்கள் சாப்பிடுவதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. மூளைக்குக் கொடுப்பதற்காகக் குடல் சுருங்கியது. நெருப்பைக் கண்டான், சுட்டுத் தின்றான். மெல்லுகிற வேலை குறைந்தது, தாடை குறுகியது. கடைவாய்ப் பல் முளைக்க இடமில்லாமல் உங்களுக்கு வலிக்கிறதே, அது அந்த நெருப்பின் வலி!”

இதெல்லாம் இன்பராஜுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அவனுக்கும் கடைவாய்ப் பல் வலித்திருக்கிறது.

“தோலைக் கல்லால் சுரண்டியவன் ஆதிமனிதன். நீங்கள் அவனுடைய நேர் வாரிசுகள்! அவன் அரிசி தின்றானா? பால் குடித்தானா? காலையில் டிபன் சாப்பிட்டானா? வேட்டை கிடைக்கும் வரை பட்டினி கிடந்தான். அவனுக்கு சர்க்கரை நோய் உண்டா?”

பக்கத்து மெஷின் வாஹித் பாஷா எழுந்தான். “சார், ஒரு டவுட்டு. அவனுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முனைவரும் சிரித்தார். சிரித்துவிட்டு முக்கியமான ஒன்றைச் சொன்னார். “முதல் மாதம் உடம்பு நடுங்கும். வேர்க்கும். கண் இருட்டும். பயப்படாதீர்கள். உடம்பு தன் பூர்வீகத்துக்குத் திரும்புகிறது என்று அர்த்தம்.”

கிளம்பும்போது வழக்கப்படி விருந்தாளிக்கு நாலு பிரியாணி பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

“குகைல புள்ளைங்க வெயிட் பண்ணுதுங்களாம்” என்றான் வாஹித்.

திட்டப்படி காலை ஒன்பதரைக்கு இட்லிக்குப் பதில் சர்க்கரையோ பாலோ இல்லாத கறுப்புக் காபி. மதியம் ஒரு மணிக்கு இரண்டு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் எலும்பு சூப், வெள்ளரிக்காய். ஆதிமனிதன் நேரம் தவறாதவன் போலிருக்கிறது. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆறேகால் மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள், அந்தக் குலுக்கலில் வாந்தி வருமென்று வெறும் வயிற்றோடுதான் ஏறுவார்கள், அவர்களுக்கு ஒன்பதரை இட்லிதான் முந்தின ராத்திரிக்குப் பிறகு முதல் சோறு என்பதெல்லாம் நோட்டீஸ் எழுதினவருக்குத் தெரியாது. அவர் வீட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்.

இன்பராஜுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரையை ஒன்பது இருபத்தைந்துக்குப் போட்டுக்கொண்டு, ஒன்பதரைக்கு இட்லியில் கை வைப்பான். மாத்திரை சர்க்கரையை இறக்கும், இட்லி தாங்கிப் பிடிக்கும். ஏழு வருஷமாக இப்படி ஓடுகிற வண்டி. “ஒரு நாளும் மாத்திரைய உடக்கூடாது” என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். சாப்பாட்டை விடாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அதனால் மூன்றாம் தேதியிலிருந்து இட்லி நின்றது, மாத்திரை நிற்கவில்லை.

பத்து நாளில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் விரலைக் குத்திப் பார்த்தான், நூற்றுத் தொண்ணூறு. வெறும் பத்துதான் இடைவெளி. அன்றைக்குப் பார்த்து ஏறித் தொலைந்தால்?

கேண்டீன் வரிசையில் பீடி மாற்றிக்கொள்வது போல மாத்திரை மாற்றிக்கொள்வது அந்தக் கம்பெனி வழக்கம். ‘உன்னுது மஞ்சளா? எனக்கு வெள்ளை. ரெண்டு குடு, பார்க்கலாம்.’ அந்த முறைப்படி வாஹித் தன் அம்மா அன்வரி பேகத்தின் அட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்தான்.

“பெரிய டாக்டர் எழுதினதுடா தோஸ்த். உன்னுது தர்ம மாத்திரை, பவர் கம்மி. இது ஒண்ணு போடு, சேர்த்துப் போடு. இருபத்தெட்டாம் தேதி ரிப்போர்ட்டப் பார்த்து ஜேபி சார் மயக்கம் போடுவாரு.”

“உங்கம்மாக்கு?”

“வேற அட்டை வாங்கிக்கலாம். நீ பேக்கிங் போய்ட்டா நான் யார்கிட்ட பேசறது? மெஷின்கிட்டயா?”

இன்பராஜ் போட்டுக்கொண்டான். தினமும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து மனைவி அன்னம்மாள் சோறும் கறிக்குழம்பும் வைத்தாள். இன்பராஜ் கறியை மட்டும் பொறுக்கித் தின்றான்.

“இன்னாங்க இது, நாய் பொறுக்குற மாதிரி” என்றாள். “கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. சர்ச்சுல எல்லாரும் உங்க வீட்டுக்காரருக்கு இன்னா வியாதின்னு கேக்கறாங்க.”

“ஆதிமனுஷன் அரிசி தின்னான்னு எந்த பைபிள்ல போட்டிருக்கு?”

“அப்பா, அந்த ஆளு பாதிதான் சொல்லியிருக்காரு” என்றாள் ஜோதி. “அந்தக் காலத்துப் பல்லு மேல ஒட்டியிருந்த காரைய சுரண்டிப் பார்த்திருக்காங்க. கிழங்கு மாவு, புல்லு அரிசி எல்லாம் இருந்திருக்கு. கறி கிடைக்காத நாள்ல கிழங்குதான். மாவைக் கரைக்கிற சத்து நம்ம எச்சில்லயே இருக்கு, குரங்கை விட நமக்கு ஜாஸ்தி. கிடைச்சதத் தின்னான்பா. கிடைக்கலன்னா செத்தான். யாரும் அவனுக்கு மாத்திரை குடுத்துட்டு பட்டினி போடல.”

மாத்திரை என்றதும் இன்பராஜ் சோற்றுப் பானையைப் பார்த்தான். ஒரு கைப்பிடி எடுக்கக் கைகூட நீண்டது. இருபத்தெட்டு ஞாபகம் வந்தது. மடக்கிக்கொண்டான்.

“இன்னும் அஞ்சு நாள். வெள்ளிக்கிழமை ரத்தம் குடுத்துட்டு ஒரு சட்டி சோறு தின்றேன். போதுமா?”

“எழுதி வெச்சிக்கோடி ஜோதி” என்றாள் அன்னம்மாள்.

இதற்குள் ஜெயப்பிரகாஷ் சாரின் கண் அவன்மேல் விழுந்துவிட்டது. மூன்று வாரத்தில் ஏழு கிலோ. நாலு மணி ஷிஃப்ட் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, பழைய ஐடி கார்டு போட்டோ பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். படம் தலைமை ஆபீஸுக்குப் போயிற்று. “மிஸ்டர் இன்பராஜ், நீங்க இந்தக் கம்பெனியோட முதல் ஆதிமனிதன்” என்று கை குலுக்கினார். கை ஈரமாக இருந்ததால் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

கட்டிங் மெஷின் எப்படி வேலை செய்யும் என்று தெரியாதவர்களுக்கு: தோலை மேசைமேல் விரித்து, அதன்மேல் ஷூ துண்டின் வடிவத்தில் இருக்கும் இரும்பு அச்சை வைக்கவேண்டும். அச்சின் அடிப்பக்கம் பிளேடு. மேலே இருக்கும் கனத்த இரும்புக் கையை இழுத்து அச்சுக்கு நேராகக் கொண்டுவந்து, இரண்டு பட்டனையும் இரண்டு கையால் ஒரே சமயத்தில் அமுக்கினால் அது இறங்கித் தோலை வெட்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது. ஜெர்மனியிலோ இத்தாலியிலோ யோசித்து வைத்த நல்ல ஏற்பாடு.

டார்கெட் வேறு இடத்தில் யோசித்து வைத்தது. இரண்டு கையையும் பட்டனில் வைத்துக்கொண்டு அந்த டார்கெட்டை எவனாலும் முடிக்க முடியாது. அதனால் இடது பட்டனில் ஒரு தோல் துணுக்கை மடித்துச் செருகி, அது எப்போதும் அமுங்கியே இருக்கும்படி செய்வார்கள். வலது கை அமுக்கும். இடது கை அடுத்த அச்சை நகர்த்தும். சூப்பர்வைசருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும். ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும் யாருக்கும் தெரியாது, எல்லாத் துணுக்கும் மாயமாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை, இருபத்தைந்தாம் தேதி. ஒன்பது இருபத்தைந்துக்கு இரண்டு மாத்திரை. ஒன்பதரைக்குக் கறுப்புக் காபி. பத்து மணிக்கு இன்பராஜின் சட்டை முதுகில் ஒட்டியது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பத்து ஐந்துக்கு விரல்கள் தந்தி அடித்தன.

“இன்னாடா, பேய் புடிச்ச மாதிரி ஆடற?” என்று வாஹித் கத்தினான். மெஷின் சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டும்.

“பூர்வீகத்துக்குப் போறேன்.”

“போய்ட்டு சீக்கிரம் வா. வேணாம், உக்காரு. டீ சொல்லட்டுமா, சர்க்கரை போட்டு?”

சர்க்கரை என்ற சொல் இன்பராஜின் காதில் விழுந்தது. தலையை ஆட்டினான். “மூணு நாள்டா. கெடுத்துராத.”

மேசைமேல் இருந்த தோல் இரண்டாகத் தெரிந்தது. அச்சும் இரண்டு. எது நிஜம் என்று தொட்டுப் பார்க்க இடது கையை நீட்டினான். உடம்பு முன்னால் சாய்ந்தது. விழாமல் இருக்க வலது கை எதையோ பிடித்துத் தாங்கிக்கொண்டது. அது பட்டன்.

சத்தம் எப்போதும் வருகிற அதே சத்தம்தான். அதனால் பக்கத்து வரிசையில் யாரும் திரும்பவில்லை. வாஹித் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் கையைப் பார்ப்பதற்கு முன்னால், ஆள் ஏன் கூப்பிட்டால் முழிக்கவில்லை என்று விரலைக் குத்திப் பார்த்தார்கள். வலது கை விரலை. சர்க்கரை முப்பத்தெட்டு. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏறின கொஞ்ச நேரத்தில் இன்பராஜுக்கு நினைவு நன்றாகத் தெளிந்தது. அந்த நேரத்தில் தெளியாமலே இருந்திருக்கலாம்.

சாயங்காலம் இடது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

வாஹித் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தான். அன்னம்மாளும் ஜோதியும் வந்ததும் எழுந்தான். சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான். ஜோதி வாங்கி, பின்னால் திருப்பி, பேரைப் படித்தாள். எத்தனை மில்லிகிராம் என்றும் படித்தாள்.

“இது தினமுமா, அண்ணா?”

“தினமும்.”

அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் வாங்கவில்லை. அது கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. அன்னம்மாள் வாஹித்தைத் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள், “நீ இன்னா சாப்ட்ட காலைலேர்ந்து?” என்று கேட்டாள்.

மறுநாள் ஜெயப்பிரகாஷ் சார் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். பாட்டிலைப் பின்பக்கம் திருப்பி வைத்தார், அதில் இருக்கும் சர்க்கரை அளவு ஞாபகம் வந்திருக்கலாம். “கம்பெனி உங்க பக்கம் நிக்குது” என்றார். விசாரணை அறிக்கை அவர் சொன்னதை விடச் சுருக்கமாக இருந்தது: ஊழியர் பாதுகாப்புப் பட்டனைத் தாமே செயலிழக்கச் செய்திருந்தார். திட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. திட்டம் விருப்பத்தின் பேரிலானது. இட்லி இல்லாத கேண்டீனில் யாரும் யாரையும் இட்லி தின்னவேண்டாம் என்று தடுக்கவில்லை. தலைமை ஆபீஸுக்குப் போன போட்டோவைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். அங்கே ஏற்கெனவே வருஷ மலரில் அச்சாகிவிட்டதாம்.

முனைவர் மூர்த்தி போன் எடுக்கவில்லை. அவர் அப்போது ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரர்களுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

அதே வாரம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். கட்டிங் செக்‌ஷனில் இருந்த எல்லா மெஷினிலும் பழைய பட்டன்களைப் பிடுங்கிவிட்டுப் புதுசு வைத்தார்கள். துணுக்கு செருகினால் மெஷின் அப்படியே நின்றுவிடும். டார்கெட்டைக்கூடக் கொஞ்சம் குறைத்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கம்பெனியில் தொழிலாளிக்கு நடந்த ஒரே நல்லது என்று வாஹித்தே சொன்னான், சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

ஜூன் மாதம் இன்பராஜ் வேலைக்குத் திரும்பினான். கம்பெனி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை நூற்றுப் பதினெட்டு. பிரமாதம் என்று முதுகில் தட்டி, மெஷின் வேலைக்கு முழுத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

புதுப் பட்டன்களை அமுக்க இரண்டு கை வேண்டும்.