மூன்று நிமிட இருட்டு

தி.நகரில் வெங்கட்நாராயணா சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்த ஐந்து மாடி அலுவலகத்தில் மின்சாரம் போகும். போனது யாருக்கும் உறைக்காது. கீழே ஜெனரேட்டர் அறையில் பல்பு மங்கும்போதே தனபாலன் எழுந்துவிடுவான். சாவியைத் திருகி, இன்ஜின் சத்தம் நிதானத்துக்கு வந்ததும் சுவிட்சுக் கைப்பிடியை ஜெனரேட்டர் பக்கம் தள்ளுவான். எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு நொடி. அப்புறம் எவன் கண்டான், கீழே ஒருத்தன் இருக்கிறான் என்று?

ஆறு வருஷமாகக் காண்ட்ராக்ட் ஆள். வருஷத்துக்கு இரண்டு பேரை நிரந்தரம் பண்ணுவார்கள். அந்தப் பட்டியலில் இவன் பெயர் ஏறவே இல்லை. போன வருஷம் நேரில் போய்க் கேட்டபோது மேனேஜர் ஃபராஸ் நல்லவிதமாகத்தான் சொன்னார்.

"மேல இருக்கறவங்களுக்கு உன் மூஞ்சியே தெரியாது தனபால். நான் என்னன்னு சொல்லி சிபாரிசு பண்றது?"

இந்தப் பிப்ரவரியில் ஒரு நாள் இவனுக்கு வயிறு சரியில்லை. கழிப்பறையில் இருந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. ஓடிவந்து கைப்பிடியைத் தள்ளும்போது மூன்று நிமிடம் ஆகியிருந்தது. திட்டு விழும் என்று நினைத்து மேலே போனால், மூன்றாவது மாடியில் வெளிச்சம் வந்த சந்தோஷத்தில் கைதட்டல். டைரக்டரே தோளைத் தட்டிப் பெயர் கேட்டார். சாயங்காலம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டோ. இந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! ஆறு வருஷம் பன்னிரண்டு நொடியில் போட்டவனை நாய்கூடச் சீண்டவில்லை. மூன்று நிமிடம் தாமதித்தவன் ஹீரோ.

தனபாலன் ஒன்றும் மக்கு இல்லை. அதற்கப்புறம் மின்சாரம் போனால் செல்போன் டைமரில் மூன்று நிமிடம் ஓடவிட்டு உட்கார்ந்திருப்பான். மேலே நாற்காலிகள் நகரும், யாராவது கத்துவார்கள், அப்புறம்தான் சாவி. முதல் தடவை நெஞ்சு அடித்துக்கொண்டது. நாலாவது தடவை ஒன்றும் இல்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அவ்வப்போது தன்னையே கேட்டுப் பார்த்தான், வலிக்கவில்லை. எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அதிலும் சந்தோஷம் இல்லை. பட்டியலில் மட்டும் பெயர் ஏறிவிட்டது. ஜூன் கடைசியில் டைரக்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜூன் நடுவில் ஒரு மத்தியானம் மின்சாரம் போனது. கூடவே லிஃப்ட்டின் அபாய மணி அடித்தது. உள்ளே யாரோ மாட்டியிருந்தார்கள்.

தனபாலன் எழுந்தான். கை சாவி வரைக்கும் போனது. டைரக்டர் இன்றைக்கு ஆபீசில் இருக்கிறார் என்ற நினைப்பும் வந்தது. உட்கார்ந்துவிட்டான். மணி விட்டுவிட்டு அடித்தது. இரண்டரை நிமிடத்தில் அதுவும் நின்றுபோனது. அப்போதும் மிச்சம் அரை நிமிடத்தை முடித்துவிட்டுத்தான் சாவியைத் திருகினான்.

தனபாலன் மேலே வரும்போது தரைத்தளத்தில் லிஃப்ட் திறந்தது. மாடிகளைக் கூட்டித் துடைக்கும் கங்கம்மா வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஜாக்கெட் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஃபராஸ் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். டைரக்டர் தனபாலனுக்குக் கைகொடுத்தார்.

"ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க, ஒரு போட்டோ" என்றார் ஃபராஸ்.

கங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இவன் பக்கத்தில் வந்து நின்றாள். செல்போனைப் பார்க்காமல் இவன் முகத்தையே பார்த்தாள்.

"இன்னா நைனா, ஒரு மாதிரி கீற? நான் வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். கரண்ட்டு போனா, தொடப்பத்தைக் கீழ வெக்கறதுக்குள்ள போட்டுருவ. கொஞ்ச நாளா லேட்டாவுது. உடம்பு கிடம்பு சரியில்லியா?"

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, புறங்கையை அவன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இங்க பாருப்பா, சிரி" என்றார் ஃபராஸ்.

சிரித்தான்.

"சுடல" என்றாள் கங்கம்மா. "எதுக்கும் ஒரு தபா டாக்டராண்ட காட்டிக்கோ."