சம்பந்தி கையில் பனிவாரி

ஊருக்கெல்லாம் பனி தள்ளுகிற கப்தேஷின் வீட்டு வாசலில் இடுப்பளவு பனி கிடந்தது. வேலைக்குப் போக அவர் வேலியில் ஏறி, பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக் கூரையில் கால் வைத்து, அங்கிருந்து பெரிய சாலைப் பக்கம் குதிக்க வேண்டியிருந்தது. ஐம்பத்துநாலு வயதில் இதெல்லாம் ஒரு மனிதன் செய்கிற காரியமா என்று கோழிகளே முணுமுணுத்தன. குதித்த இடத்திலிருந்து நகராட்சிப் பணிமனைக்கு நடந்து, ஊரிலேயே பெரிய பனித் தள்ளு வண்டியில் ஏறி உட்காருவார். அந்த வண்டியை ஒரே ஒரு தடவை அவர் தெருவில் ஓட்டினால் போதும். தெரு சுத்தமாகிவிடும். அதைத்தான் அவரால் செய்ய முடியவில்லை.

புயல் சனிக்கிழமை இரவு வந்தது. சம்பந்திகள் சனிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டார்கள். மகள் இன்காருக்குத் தோடு போட, பாவ்லதார் நகரத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பிள்ளை வீட்டார் வந்து பெண்ணின் காதில் தோடு மாட்டிவிட்டால் நிச்சயமானதாகக் கணக்கு. தோடு போட்டாயிற்று, பாட்டுப் பாடியாயிற்று, தலைக்கு மேல் மிட்டாய் வீசியாயிற்று. மாப்பிள்ளை எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்ததால் வரவில்லை. கைபேசியில் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பியிருந்தான். ஞாயிறு காலை கிளம்புவதாக ஏற்பாடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை என்று ஒன்று வரவேயில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ ஊளையிட்டது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை புயல் ஓய்ந்தது. நெடுஞ்சாலையைத் திறந்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். சம்பந்திகளின் வேனுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் மிச்சம் இருந்தது கப்தேஷின் தெரு மட்டும். நகராட்சித் திட்டத்தில் முதலில் பெரிய வீதி, பிறகு விமான நிலையச் சாலை, பிறகு அதிகாரிகள் குடியிருக்கும் தெருக்கள். அவருடைய தெரு 'மற்றவை' என்ற தலைப்பில் வந்தது. மற்றவை வழக்கமாக ஏப்ரல் மாதத்தில் தானாகவே சரியாகிவிடும்.

திட்டத்தை மீறி வண்டியைத் திருப்பினால் அலுவலகத் திரையில் தெரிந்துவிடும். அது பரவாயில்லை, இரண்டு வசவோடு போகும். பெரிய சிக்கல் வீட்டுக்குள் இருந்தது. விருந்தாளி உள்ளே உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக்காரன் வாசலில் பனி அள்ளினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நீங்கள் கிளம்பலாம். அதையே விருந்தாளி அள்ளினால் அதற்கும் ஒரே அர்த்தம்தான்: உங்கள் சோறு போதுமடா சாமி. விருந்தாளிகளிலேயே உசத்தியானவர்கள் சம்பந்திகள். ஆகவே இரண்டு தரப்பும் ஜன்னலைப் பார்ப்பதில்லை என்று பேசாமலே ஒப்பந்தம் செய்துகொண்டு, கம்பளத்தின்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் பேச்சுக்காரி ராபிகா. பிள்ளையின் அப்பா மிர்ஸபெக்குக்கு அக்கா. புதன்கிழமை விடியலில் கப்தேஷ் பூட்ஸை மாட்டிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிட்டாள்.

"என்ன சம்பந்தி, ஊருக்கெல்லாம் ரோடு போட்டுக் குடுக்கிறீங்க, உங்க தெருவுல மட்டும் ஒட்டகம்கூட நுழையாது போலிருக்கே?"

"ஒட்டகம் எதுக்குக்கா? நீங்க இருக்கீங்க, வீடு நிறைஞ்சு இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்திகளுக்குள் இப்படிப் பேசாவிட்டால்தான் மனத்தாங்கல் என்று பொருள்.

"எங்க பாவ்லதார்ல பனி விழுந்த சத்தம் கேக்குறதுக்குள்ள எடுத்துருவாங்க."

"அங்க பனியே முன்கூட்டி ஆளு விட்டுச் சொல்லிட்டுத்தான் வருமாம்ல?"

சிரித்துக்கொண்டே கப்தேஷ் சமையலறைக்குள் போனார். அங்கே சிரிப்பு இல்லை. மனைவி ஸெய்னெஷ் அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். வசந்தம் வரைக்கும் வர வேண்டிய குதிரைக்கறியில் இரண்டு துண்டு பாக்கி. விருந்து என்றால் மூத்த சம்பந்தி முன்னால் ஆட்டுத்தலை வைத்தாக வேண்டும். மிர்ஸபெக் அதில் காதை அறுத்து இளசுகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தின்று, வாழ்த்துச் சொல்ல வேண்டும்.

"ஏங்க," என்றாள் தணிந்த குரலில், "ஒரு ஆட்டுக்கு ஒரு தலைதாங்க இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்றது? எதிர்வீட்டு ஆட்டையும் வாங்கிட்டேன். இனிமே இந்தத் தெருவுல ஆடு இல்ல. அந்த மனுஷன் தலையைப் பாக்குறதும், தலை அவரைப் பாக்குறதும்... எனக்கே பாவமா இருக்கு."

"பாத்துக்கலாம்."

எதைப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியாது. தூங்கி நாளாகிவிட்டது. விடிகாலையிலிருந்து வண்டி, திரும்பி வந்தால் சம்பந்திகளோடு பந்தி. வீட்டுக்காரன் உட்கார்ந்து தூங்கிவிழுந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் உண்டு.

அன்று பெரிய வீதியில் பாதி ஊர் நின்றிருந்தது. தலைநகரத்திலிருந்து யாரோ பெரியவர் பார்வையிட வருகிறாராம். சம்பளம் அரசாங்கத்திலிருந்து வருகிற எல்லாரும் பனிவாரியோடு வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. பள்ளி ஆசிரியர்கள், நூலகத்துக்காரர்கள், பல் டாக்டர்கள். இசைப்பள்ளியிலிருந்து ஒரு வயலின் வாத்தியார் வந்திருந்தார். விரல்களைக் காப்பாற்றிக்கொள்ள மூன்று ஜோடிக் கையுறை போட்டிருந்ததால் அவரால் எதையும் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு அலுவலகமும் எத்தனை பேர் வந்தார்கள் என்று படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். படம் போய்விட்டால் பனி போனமாதிரி.

கப்தேஷ் வண்டியை நடுவீதியில் விட்டார். இரும்புத் தகடு பனியை வழித்து ஓரத்தில் தள்ளிக்கொண்டே போனது. ஓரத்தில்தான் ஆசிரியர்கள் காலையிலிருந்து அள்ளிச் சுத்தம் செய்த நடைபாதை இருந்தது.

நூர்ஸிபா டீச்சர் ஓடிவந்து வண்டியின் கதவில் பனிவாரியால் அடித்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு உதவித் தலைமையாசிரியை. நின்ற இடத்தில் பனியே பயந்து கரைகிற ஆகிருதி.

"யோவ்! காலையிலேருந்து நாங்க அள்ளுனதைத்தானே இப்பத் திருப்பிக் கொண்டாந்து குடுக்குற!"

கப்தேஷ் கண்ணாடியை இறக்கினார். "டீச்சரம்மா, நான் நடு ரோடு. ஓரம் வேற துறை."

"வேற துறைன்னு பனிக்குத் தெரியுமாய்யா?"

"எனக்கே இந்த வருஷந்தான் சொன்னாங்க."

டீச்சர் ஏதோ சொன்னார். ஆசிரியர் தொழிலில் இருப்பவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறவர்களுக்காக அதை விட்டுவிடலாம். கப்தேஷ் கண்ணாடியை ஏற்றப் போனவர் அப்படியே நின்றார். டீச்சருக்குப் பின்னால், வரிசையின் கடைசியில், பஞ்சு வைத்த ஒரு பழைய கோட்டு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. முழங்கையில் தாரெண்ணெய்க் கறை. அது அவருடைய கோட்டு. கொல்லைப்புறத்தில் மாட்டியிருந்தது. கோட்டுக்குள் மிர்ஸபெக் இருந்தார்.

நடந்தது இதுதான். சிகரெட் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு மிர்ஸபெக்கும் அதே வேலி, அதே கோழிக்கூண்டு வழியாகத் தப்பித்து வந்திருக்கிறார். டீச்சருக்குப் படத்தில் முப்பது முகம் வேண்டும், ஒன்று குறைந்தது. வேலையில்லாமல் நின்ற ஒரு கோட்டைப் பார்த்ததும் கையில் பனிவாரியைத் திணித்துவிட்டார். மிர்ஸபெக் கால்நடை மருத்துவர், கேட்டதற்கு மறுத்துப் பழக்கமில்லாதவர். அதிலும் இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று நாள்கணக்கில் காத்திருந்தவர்.

கப்தேஷ் வண்டியிலிருந்து குதித்தார்.

"சம்பந்தி! ஐயோ, கீழ வைங்க!"

"விடுங்க சம்பந்தி. இன்னும் கொஞ்சம் அள்ளிக்கிறேன். செரிக்கட்டும்."

"ஊரு பாக்குது! குடுங்க அதை!"

"இப்பதான் மூச்சு வருது எனக்கு. கெஞ்சிக் கேக்குறேன், விட்ருங்க."

ஒருவர் கைப்பிடியை இழுத்தார், இன்னொருவர் தகட்டை இழுத்தார். இருவரும் பனியில் சுழன்றார்கள். மரியாதைக்காக மனிதர்கள் இவ்வளவு மூர்க்கமாக அடித்துக்கொள்வதை வயலின் வாத்தியார் முதல்முறையாகப் பார்த்தார்.

"அப்படியே இருங்க, அப்படியே இருங்க," என்றார் டீச்சர், கைபேசியை உயர்த்தி. "அருமையா வருது."

மத்தியானம் நகராட்சியின் இணையப் பக்கத்தில் படம் வந்துவிட்டது. கீழே எழுதியிருந்தார்கள்: 'பனி அள்ளுவதில் குடிமக்களிடையே ஆரோக்கியமான போட்டி.' தேநீர் வேளைக்குள் பாவ்லதாரில் பார்க்காத ஆள் இல்லை.

கப்தேஷ் வேலை முடிந்து வந்தபோது ராபிகாவின் கைபேசி கம்பளத்தின் நடுவில், ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒலிபெருக்கி போட்டிருந்தது. மறுமுனையில் குல்பர்ஷின், மிர்ஸபெக்கின் மனைவி, மாப்பிள்ளையின் அம்மா. முழங்கால் வலி என்று அவள் வரவில்லை. குரலுக்கு முழங்கால் கிடையாது.

"தோடு போட்டுட்டு வாங்கன்னு அனுப்புனேன் அண்ணி. அங்க கூலிக்கு வெச்சுக்கிட்டாங்களா அவரை? யாரோட கோட்டு அது, பிச்சைக்காரக் கோட்டு? பொண்ணோட அப்பா அவரைப் போட்டு இழுக்குறாரே, பனியில உருட்டுறாரே! இங்க ஒவ்வொருத்தரா வந்து துக்கம் விசாரிக்கிறாங்க. எனக்கு வேண்டாம் இந்த சம்பந்தம். பொண்ணு காதுல இருந்து தோட்டைக் கழட்டிட்டுக் கிளம்பி வாங்க."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த இன்காரின் கை ஒருமுறை காதுக்குப் போய்த் திரும்பியது.

மிர்ஸபெக் வாயைத் திறந்தார். ஸெய்னெஷைப் பார்த்தார். நானேதான் ஓடிப்போனேன் என்று சொன்னால், உன் சமையலிலிருந்து ஓடிப்போனேன் என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டார். கப்தேஷுக்கும் உண்மை தெரியும். ஆனால் விருந்தாளியைக் காட்டிக்கொடுத்து வீட்டுக்காரன் தப்பிக்கிற வழக்கம் அந்தப் புல்வெளி நாட்டில் இதுவரை இல்லை.

"தப்பு என்னோடதுதான் சம்பந்தியம்மா," என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "வழக்கப்படி அபராதம் கட்டிடறேன். பட்டு அங்கி ஒண்ணு, குதிரை ஒண்ணு அனுப்பிடறேன்."

"குதிரை எந்த ரோட்டுல வரும்?" என்றாள் குல்பர்ஷின்.

"ரோடு போட்ட உடனே—"

"ஓஹோ!" ராபிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ரோடு போட்ட உடனே! அப்ப எங்களைக் கிளம்பச் சொல்றீங்க?"

விருந்தாளி கிளம்புவது என்பது அந்த வீட்டில் நாள்கணக்கில் யாரும் எடுக்காத பேச்சு. களைப்பில் வாய் தவறிவிட்டது. கப்தேஷ் சுவரில் சாய்ந்தார். இனிமேல் எதைச் சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு.

இன்கார் கெண்டியைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் அப்பாவின் பூட்ஸைக் காலில் மாட்டினாள்.

"எங்கடி போற?" என்றாள் ஸெய்னெஷ்.

"பனி அள்ள."

"பைத்தியமா உனக்கு? இப்பவா?"

"அப்பா அள்ளுனா விரட்டுறாருன்னு அர்த்தம். மாமா அள்ளுனா ஓடுறாருன்னு அர்த்தம். நான் யாரும்மா இப்ப? தோடு போட்டதால உங்க பொண்ணும் முழுசா இல்ல, இன்னும் அனுப்பாததால அவங்க மருமகளும் முழுசா இல்ல. நான் அள்ளுனா எந்த அர்த்தமும் இல்ல. பனி குறையும், அவ்வளவுதான்."

கதவைத் தோளால் முட்டித் திறந்து, பனிவாரியோடு வெளியே போய்விட்டாள்.

நாள்கணக்கில் பார்க்காமல் வைத்திருந்த ஜன்னலுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போனார்கள். சத்தமாவது கேட்கட்டும் என்று ராபிகா கைபேசியைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள்.

"என்ன அது? யாரு?" என்றது கைபேசி.

"உன் மருமக."

"அந்தப் பேச்சு எடுக்காதீங்கன்னேன். என்ன பண்றா?"

"பனி அள்ளுறா."

"எதுக்கு?"

"தெரியல. அதுக்கு அர்த்தமே கிடையாதாம்." ராபிகா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "நல்லா அள்ளுறா. உன் பையனைவிடத் தோள் கனமா இருக்கு."

வெளியே பனிமேடு சரியும் சத்தம் கேட்டது. இன்கார் முட்டிவரை புதைந்து, காலை உருவிக்கொண்டு மறுபடி குனிந்தாள். வெயில் பட்டு அவள் காதில் இரண்டு பொட்டு மின்னியது.

"அண்ணி," என்றாள் குல்பர்ஷின், "அவ தலையில ஒண்ணும் கட்டலையா?"

"இல்ல."

"வெறுங்காதுல தோட்டோடவா வெளிய விட்டிருக்கீங்க? இந்தக் குளிருல? உலோகம் சதையைக் கடிக்கும், காது பிஞ்சுபோகும்! அங்க பெரியவங்கன்னு யாருமே இல்லையா?"

"நீதான கழட்டச் சொன்ன? இரு, போய்க் கழட்டிடறேன்."

"கழட்டாதீங்க!" கைபேசி அலறியது. "நான் கட்டச் சொல்றேன், சால்வையைக் கட்டச் சொல்றேன்! தோட்டுல கை வெச்சீங்கன்னா பாத்துக்குங்க! ஏ மனுஷா, மிர்ஸபெக்! உன் மருமக தனியா அள்ளிட்டு இருக்கா, நீ அங்க தின்னுட்டு உக்காந்திருக்கியா?"

இதைவிட நல்ல செய்தி மிர்ஸபெக்கின் வாழ்க்கையில் வந்ததில்லை. எழுந்துவிட்டார். ஸெய்னெஷ் தன் கம்பளிச் சால்வையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினாள். ராபிகா, கைபேசியைக் கையில் பிடித்தபடியே, மற்றவர்களைக் கொல்லைப்புறம் விரட்டினாள். வாளி, சாம்பல் அள்ளும் தகரம், பெட்டி மூடி என்று அகப்பட்டதை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மிர்ஸபெக் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். கையில் தாரெண்ணெய்க் கறைக் கோட்டு.

"சம்பந்தி... போகட்டுமா?"

போங்கள் என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. விருந்தாளி பனி அள்ளுவதை வீட்டுக்காரன் பார்த்தால்தான் அவமானம். கப்தேஷ் சுவரில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முதலில் அது மரியாதைக்காகத்தான் இருந்தது. மிர்ஸபெக் கோட்டின் இரண்டாவது கையை மாட்டுவதற்குள் குறட்டை வந்துவிட்டது.