புளிக் கொட்டகையில் ஒரு விமானம்

கடத்தூர்ப் பக்கம் கொட்டகை என்றால் உள்ளே புளி இருக்கும், இல்லாவிட்டால் மாடு இருக்கும். எங்கள் கொட்டகையில் விமானம் நிற்கிறது. விமானப்படையில் இருபது வருஷம் மெக்கானிக்காக இருந்து வந்த என் வீட்டுக்காரர் மாதவராஜ், எங்கோ மூடிப்போன பயிற்சிக் கழகத்திலிருந்து அந்த அறுபது வயது இரண்டு சீட்டு விமானத்தை லாரியில் ஏற்றி வந்தார். அன்றைக்குக் கொட்டகையைக் காலி செய்த புளி மூட்டைகள் நேராக எங்கள் படுக்கையறைக்குப் போயின. நாலு வருஷமாகப் புளி வாசத்தில்தான் தூங்குகிறேன்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன ஆடியில் கறாராகச் சொன்னேன். "ஆயுத பூசை கழிச்சு பிளேனைச் சோதிக்க ஆபீசர் வர்றாரில்லீங்க? அவரு முன்னாடி பதினஞ்சு நிமிசம் இஞ்சின் ஓடணும். ஓடலைன்னா இது காயலான் கடைக்கு, கொட்டாய் எனக்கு."

பாவம், சரி என்றார்.

அதற்குப் பிறகு பெட்ரோல் போகும் பாதை முழுவதையும் புதிதாக மாட்டினார்கள். மூக்குப் பக்கம் மேலே டேங்க், அதிலிருந்து இறங்கும் குழாய், கசடு தங்கும் கண்ணாடிக் கிண்ணம், கடைசியில் கார்புரேட்டர். மாட்டியது இவரும் டிராக்டர் மெக்கானிக் சென்னப்பனும். டார்ச் பிடித்தது நான். சென்னப்பன் ஒவ்வொரு குழாயையும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பான்.

"பிளேன்ல எச்சி பண்ணாதடா!"

"டிராக்டரோ பிளேனோ, அடைப்பு அடைப்புதானுங்கண்ணா."

ஆயுத பூசையன்று அரிவாள்மனை முதல் கிணற்று மோட்டார் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். எனக்குக் கோபம் இருந்தாலும் விமானத்தை விட்டுவிட்டால் நன்றாக இருக்காது. இறக்கையில், சக்கரத்தில், மூக்கு விசிறியில் ஒவ்வொன்று. டேங்க் மூடியில் கெட்டியாக ஒன்று. பூசைப் பொட்டைத் துடைக்கக் கூடாது என்று அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார். மோர் குடித்தார், வாட்சைப் பார்த்தபடி நின்றார். சென்னப்பன் விசிறியைச் சுற்றிவிட, இஞ்சின் கிளம்பியது. தென்னையில் இருந்த காக்காயெல்லாம் பறந்தோடின. நாலாவது நிமிஷம் விக்கல் எடுத்து நின்றது.

கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தார்கள். மறுபடி நாலு நிமிஷம், மறுபடி விக்கல். கிண்ணத்தைக் கழுவினார்கள். அப்போதும் அதே கதை.

"இன்னும் ஒரே வாட்டிதான் சார், அப்புறம் நான் கெளம்பணும்" என்றார் அதிகாரி.

"குழாயை மாத்திப் பாக்கறேன் சார்" என்றார் இவர். ஸ்பேனர் கை நழுவிக் கீழே விழுந்தது.

நானோ மனசுக்குள் கொட்டகையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் டேங்க் மூடி கண்ணில் பட்டது. நடுவில் ஒரு பொடித் துளை இருந்ததே? பொட்டு அதன் மேல் கல்லாகக் காய்ந்திருந்தது. எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் வராது, காற்றுக்கு இன்னொன்று போட வேண்டும். இது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும்.

வாயைத் திறக்காவிட்டால் கொட்டகை எனக்கு. பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் திறக்காமல்தான் இருந்தேன். இவர் ஸ்பேனரை எடுக்கக் குனிந்தார், அது மறுபடியும் கை நழுவியது. எனக்குத் தாங்கவில்லை.

"சாமிக்கு ஒரு பூ வெச்சிட்டு வரேனுங்க" என்று ஸ்டூலில் ஏறினேன். தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவித் துளையைக் குத்தினேன். 'உஸ்' என்று டேங்க் மூச்சு வாங்கியது. பூவைப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினேன்.

குழாயை மாற்றிக் கிளப்பினார்கள். இஞ்சின் பதினெட்டு நிமிஷம் ஓடியது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். "குழாய்தான்னு நான் சொல்லல?" என்று இவர் சென்னப்பனைத் தூக்கிச் சுற்றினார். கொட்டகை போனது கூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, புகையால் என்று சொல்லிவிட்டேன்.

சாயந்தரம் இவர் படுக்கையறைக்கு வந்து என் உள்ளங்கையில் கொண்டை ஊசியை வைத்தார். அதன் நுனியில் சந்தனம் ஒட்டியிருந்தது.

"டேங்க் மேல கெடந்துது" என்றார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நின்னது போதும். அந்த மூட்டையைக் கொஞ்சம் தள்ளி வெய்யுங்க" என்றேன். "நான் காலு நீட்டணும்."