கயிற்றின் கடைசியும் ஒரு பிடி கடலையும்

நிஷாந்தியைத் தெரியாதவர்கள் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிடையாது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில், கயிறிழுப்பின்போது மேல்பிரிவுப் பெண்களின் கயிற்றுக்குக் கடைசி ஆளாய், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் புதைத்து நிற்பாளே ஒருத்தி, அவள்தான். முன்னால் நிற்கிறவர்கள் தளர்ந்தாலும் அவள் தளரமாட்டாள். மேல்பிரிவு லயங்களில், அந்த வரிசை வீடுகளில், அவளைப் பற்றி ஒரே பேச்சுத்தான்: "நிஷாந்தி பின்னுக்கு நின்னா டிராக்டர வச்சு இழுத்தாலும் கயிறு வராது."

போன வருடம் அந்தப் பேச்சு கந்தலாகிப் போனது. கயிறு இழுபட்டுக்கொண்டிருந்த நடுவில் அவளுக்குக் கண் இருட்டியது. கால் தொய்ந்தது. கீழ்ப்பிரிவுக்காரிகள் அவளைச் சேற்றோடு சேற்றாக, கோட்டுக்கு அந்தப் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். கீழ்ப்பிரிவின் கடைசி ஆள் ஐவி. நிஷாந்தியோடு ஒரே வகுப்பில் படித்தவள், சிறு வயதிலிருந்தே சரிக்குச் சரி நிற்பவள். "என்னடி, சேறு பூசிக்கிட்டா முகம் பளபளக்குமாமே?" என்று அவள் கேட்ட ஒரு கேள்வி நிஷாந்தியை வருடம் முழுக்க முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. அடுத்த சித்திரையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவதில்லை என்று அவள் கறுவிக்கொண்டாள்.

ஆனால் பொங்கல் முடிந்த கையோடு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்த டாக்டர் ஜெனுஷா, அவளுடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஜெனுஷாவும் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நிஷாந்தி அக்கா, உங்களுக்குச் சீனி வருத்தம் வந்துருச்சு. போன வருசம் மயங்குனீங்கனு சொன்னீங்கள்ல, அப்பவே தொடங்கியிருக்கலாம். மருந்து தாறேன். சாப்பாட்டையும் மாத்தணும். மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்பேன். சீனி இறங்கலைனா கயித்துப் பக்கமே போகக் கூடாது."

நோய் வந்ததுகூட நிஷாந்திக்கு உறைக்கவில்லை. கயிறு போகிறதே!

"என்ன வேணும்னாலும் செய்றேன் டாக்டரம்மா. கயித்த மட்டும் வேணாம்னு சொல்லிறாதீங்க."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "காலைல என்ன சாப்புடுறீங்க? கோதம்ப மாவு ரொட்டி, சம்பல். மத்தியானம் அதே ரொட்டி. நடுவுல மூணு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி. சரியா? உங்க குடலுக்குள்ள கோடிக்கணக்குல சின்னஞ்சிறு உசிருக குடியிருக்கு. நுண்ணுயிர்னு படிச்சிருப்பீங்க. லயத்துல சனம் இருக்குற மாதிரி நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்குதுக. வெள்ள மாவும் சீனியும் மேலேயே கரைஞ்சு ரத்தத்துல கலந்துரும், கீழ இருக்குற அதுகளுக்கு ஒண்ணும் போய்ச் சேராது. பாவம், அதுக பட்டினி. நார் உள்ள சாப்பாடுதான் அதுகளுக்குச் சோறு. கடலை, பயறு, கீரை, குரக்கன். அத நல்லாத் தின்னுச்சுதுகன்னா உங்க குடலையும் பாத்துக்கும், சீனிய அடக்கவும் கை குடுக்கும்."

"அப்ப மரக்கறி?"

"கலர் கலரா சாப்புடுங்க. பீட்ரூட், மரத்தக்காளி, வல்லாரை. அந்த நிறத்துலயும் துவர்ப்புலயும் உடம்பு கெட்டுப் போகாமக் காக்குற சத்து இருக்கு. நீங்க பறிக்கிற தேயிலையிலயும் அது இருக்கு. அதுல பெரும் பங்க குடலுக்குள்ள இருக்குறதுகதான் உடைச்சு உங்களுக்குக் குடுக்குதுக. நீங்க என்னடான்னா அவ்வளவு நல்ல தேயிலைச் சாயத்துல சீனியக் கொட்டிக் கெடுக்குறீங்க." நிஷாந்தி எழுந்தபோது மறக்காமல் சொன்னார்: "ஒரு நாளைக்கு ஒரு பிடி கடலை இல்லாட்டி பயறு, ஒரு பிடி கீரை. அது போதும்."

அங்கேதான் வந்தது வினை.

வீட்டுக்கு வந்து புருஷன் வீரய்யாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவன் காதைக் குடைந்துகொண்டே கேட்டான். "உன் வயித்துக்குள்ளயும் ஒரு லயம் இருக்குனு டாக்டரம்மா சொன்னாங்களா? நம்ம லயம் மாதிரி அங்கயும் மழைக்கு ஒழுகுதாமா?"

"ஒங்களுக்கு எல்லாமே கிண்டல்தான். இனிமே இந்த வீட்டுல கோதம்ப மாவு ரொட்டி கெடையாது."

வீரய்யாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது, தேத்தண்ணி நேரத்தில் தோழிகளிடமும் சொன்னாள். தேத்தண்ணி வாளியைச் சுமந்து வரும் சண்முகவடிவு அக்காதான் கயிற்றில் முதல் ஆள். கேட்டதும் வாளியை நங்கென்று கீழே வைத்தாள். "நீ ஒருத்தி வெறும் சாயத்தண்ணி குடிக்க, நாங்க எல்லாம் உன் கண்ணு முன்னாலயே இனிக்க இனிக்கக் குடிக்கிறதா? அது நல்லா இருக்குமாடி? நாளையிலருந்து இந்த வாளில சீனியே விழாது. நீ என்ன தின்னுறியோ அதத்தான் நாங்களும் தின்னுவோம்." நிஷாந்திக்கு அழுகை வந்துவிட்டது. மற்றவர்களுக்கும் அழுகை வந்தது. அது சீனி இல்லாத தேத்தண்ணியை நினைத்து வந்ததாகவும் இருக்கலாம்.

சரி, ஒரு பிடி. கொழுந்து எடுக்கிறவளுக்கு ஒரு பிடி என்றால் என்ன? அவள் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பறிப்பாள். விரலிடுக்கு, உள்ளங்கை எல்லாம் நிறைந்து, இனி ஒரு இலை வைக்க இடமில்லை என்கிற வரை பிடித்துக்கொண்டுதான் தோளுக்கு மேலே வீசிக் கூடையில் போடுவாள். இரண்டு கையும் சேர்ந்து வழிகிற அந்த அளவுதான் அவளுக்கு ஒரு பிடி. கை சின்னவளுக்குக்கூட ஒரு பிடி தாராளமாய்த்தான் இருக்கும். டாக்டரம்மா சொன்ன அளவு அவித்த கடலைக்கா, காய்ந்த கடலைக்கா என்று கேட்கவும் ஒருத்திக்கும் தோன்றவில்லை. இரண்டு கை நிறையக் காய்ந்த கொண்டைக்கடலையை அள்ளி இரவே ஊறப்போட்டார்கள். விடிந்து பார்த்தால் அது சட்டியை விட்டு எட்டிப் பார்த்தது. சொன்ன சொல் சொன்னதுதான் என்று அவ்வளவையும் அவித்து, மென்று, விழுங்கிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

முதல் நாள் வயிறு லேசாக உப்பியது. அடுத்த நாள் கடமுடா என்றது. அதற்குப் பிறகு வந்த ஒரு காலையில் பெரட்டு.

பெரட்டுக் களம் தெரியும்தானே? விடிகாலைக் குளிரில் எல்லோரும் வரிசையாய் நிற்க, தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். கண்டாக்கு கணேசமூர்த்தி ஒழுங்குக்குப் பேர்போனவர். ஒரு பேச்சுச் சத்தம் கேட்டாலும் பேர்வாசிப்பை நிறுத்திவிட்டு முறைப்பார். அன்றைக்கும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பெயரை வாசிக்க வாயெடுத்தார். களம் கப்சிப். அந்த அமைதியில் சண்முகவடிவு அக்கா நின்ற பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. நீளமாய், மெதுவாய், கதவு திறக்கிற மாதிரி. அதற்குப் பதில் சொல்வதுபோல வரிசையின் மறுகோடியிலிருந்து இன்னொன்று. பிறகு நிஷாந்தியாலும் அடக்க முடியவில்லை.

கணேசமூர்த்தி பேர்வாசிப்பை நிறுத்தினார். முறைப்பதற்கு யாரை முறைப்பது? மானம் கப்பலேறிவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு மலைக்கு ஓடியவர்கள் அன்று பூராவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கொழுந்து எடுத்தார்கள். மலையில் ஒதுங்க இடமில்லாத கஷ்டம் வேறு. "இந்தா பாருங்கடி, இது மட்டும் கீழ்ப்பிரிவுக்குப் போகவே கூடாது. கடலைனு வாயத் தொறக்கக் கூடாது. சாமி மேல சத்தியம்!" என்று சண்முகவடிவு அக்கா கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

நிஷாந்தி ஜெனுஷா முன்னால் போய்த் தலை குனிந்து நின்றாள். "முடியல டாக்டரம்மா. வயித்துக்குள்ள இருக்குற லயத்துல ஒரே சண்ட. நான் பழையபடி ரொட்டிக்கே போயிறேன். கயிறு போனாலும் போகட்டும், மானமாவது மிஞ்சும்."

"எவ்வளவு கடலை சாப்புடுறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரி ஒரு பிடிதான்."

"எங்க, காட்டுங்க பாப்போம்."

நிஷாந்தி இரண்டு கையையும் சேர்த்து, விரித்து, வழிய வழியப் பிடித்துக் காட்டினாள். டாக்டரின் வாய் பிளந்தது. பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என் மேலதான் தப்பு! எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான், எனக்கு இது தெரிஞ்சிருக்கணும்." எழுந்து வந்து நிஷாந்தியின் ஒரு கையைக் கீழே இறக்கினார். மற்றக் கையின் விரல்களை மடக்கினார். "இவ்வளவுதான். அதுவும் அவிச்ச பொறகு. முதல்ல இதுல பாதி. கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. பட்டினி கெடந்ததுகளுக்கு ஒரேயடியாக் கல்யாண விருந்து வச்சா ஆட்டம் போடாம என்ன செய்யும்?"

அளவைக் குறைத்ததும் வயிற்றுக்குள் சண்டை ஓய்ந்தது. கேழ்வரகு மாவில் சுட்ட குரக்கன் ரொட்டி முதலில் மண்ணைத் தின்பதுபோல இருந்தது, பிறகு பழகிவிட்டது. லயத்துக்குப் பின்னால் விற்பதற்கென்றே போட்டிருந்த பீட்ரூட் பாத்தியிலிருந்து முதல் தடவையாக வீட்டுச் சட்டிக்குப் பீட்ரூட் வந்தது. வல்லாரைச் சம்பலைத் தொட்டுப் பார்க்காத வீரய்யா, யாரும் பார்க்காத நேரம் சட்டியை வழித்து நக்கினான். அதைவிட அதிசயம் தேத்தண்ணி. நாக்கு பழகப் பழக, தான் இத்தனை காலம் பறித்த இலைக்கு இப்படி ஒரு ருசி இருக்கிறது என்பதே நிஷாந்திக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஏன்டி, இதையா சீனியப் போட்டு மறைச்சோம்?" என்று சண்முகவடிவு அக்காவும் மூக்கில் விரல் வைத்தாள். காலையில் வயிறு மணியடித்த மாதிரி ஒழுங்காய்க் காலியானது. ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை. ஆனாலும் ரத்தம் என்ன சொல்லுமோ என்கிற பயம் மட்டும் அவள் நெஞ்சிலேயே குந்தியிருந்தது.

போட்டிக்கு முந்திய வாரம் டாக்டர் வந்தார். தாளைப் பார்த்தார். நிஷாந்தி டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கவில்லை.

"நல்லா இறங்கியிருக்கு அக்கா. மருந்த விட்டுறாதீங்க, கடலையையும் விட்டுறாதீங்க. போங்க, போய்க் கயித்தப் புடிங்க."

நிஷாந்தி டிஸ்பென்சரி வாசலிலேயே நின்று ஊளையிட்டாள். அழுகையா சிரிப்பா என்று பார்த்தவர்களுக்கு விளங்கவில்லை.

புத்தாண்டு விளையாட்டு நாளில் மைதானம் நிரம்பி வழிந்தது. விசில் கணேசமூர்த்தியின் வாயில். முதல் இழுப்பு கீழ்ப்பிரிவுக்கு, அடுத்தது மேல்பிரிவுக்கு. மூன்றாவதுதான் முடிவு. இரண்டு பக்கத்தாரும் கயிற்றைத் தூக்கி, உடம்பைச் சாய்த்து, மூச்சைப் பிடித்தார்கள். மைதானமே மூச்சைப் பிடித்தது. விசில் ஒலித்தது. அந்த முதல் முக்கலில், கீழ்ப்பிரிவுப் பக்கமிருந்து கிளம்பியது ஒரு சத்தம். நீளமாய், மெதுவாய், கதவு திறக்கிற மாதிரி. கூடவே இன்னொன்று. பிறகு வரிசையாய்.

கணேசமூர்த்தியின் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது. "அட கடவுளே, இங்கயுமா!"

மைதானம் வெடித்துச் சிரித்தது. கீழ்ப்பிரிவுக்காரிகள் வெட்கத்தில் நெளிந்தார்கள். மேல்பிரிவுக்காரிகளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? சிரிப்பில் அவர்களுக்கும் கை நழுவியது, சண்முகவடிவு அக்கா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்காமல் நின்றவர்கள் இரண்டே பேர். இந்தக் கோடியில் நிஷாந்தி, அந்தக் கோடியில் ஐவி. கயிற்றின் இரண்டு கடைசிகள். ஐவியின் முகம் பீட்ரூட்டாய்ச் சிவந்திருந்தது, ஆனால் பிடியை விடவில்லை. நிஷாந்தி பல்லைக் கடித்தாள். கண் இருட்டுமோ என்று ஒரு கணம் காத்திருந்தாள். இருட்டவில்லை. கால் கல்லாய் நின்றது. ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி. ஐவி வந்தாள், கோட்டைத் தாண்டி, குப்புற.

மேல்பிரிவு ஆர்ப்பரித்தது. வீரய்யா யாருடைய மேளத்தையோ பிடுங்கி அடித்தான். "வெற்றி பெற்ற அணிக்குப் பரிசு, ஆளுக்கு இரண்டு கிலோ சீனி!" என்று ஒலிபெருக்கி அறிவித்ததும் சண்முகவடிவு அக்கா மறுபடியும் புல்லில் உட்கார்ந்தாள்.

சீனிப் பொதியைத் தூக்கிக்கொண்டு நிஷாந்தி ஐவியைத் தேடிப் போனாள். வருடம் முழுக்கச் சேர்த்து வைத்த பதில் நாக்கு நுனியில் துடித்தது. ஐவி தண்ணீர் கொட்டும் பீலியடியில் தனியாய் நின்று முகத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இந்தாடி ஐவி, சேறு பூசுன வாய்க்கு இனிப்பு."

ஐவி நிமிர்ந்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. "எனக்கு வேணாம்டி. எனக்கும் சீனி வருத்தம். போன மாசம்தான் பாத்துச் சொன்னாங்க. வீட்டுல தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

நிஷாந்தி நீட்டிய சீனிப் பொதியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கடலை தின்னா பலம் வரும்னு சொல்லி, துணைக்கு எங்க ஆளுகளையும் தின்ன வச்சேன். நீ ஒரு பிடி கடலையிலதான் சீனிய இறக்குனேனு போன வாரம் டிஸ்பென்சரியில கேள்விப்பட்டேன். நானும் அதே ஒரு பிடிதான் தின்னேன். உனக்கு மட்டும் எப்புடிடி நல்லது செஞ்சுச்சு? எனக்கு மானந்தான் போச்சு."

சாமி மேல் சத்தியம் செய்து மறைத்த விஷயம் யார் தலையில் விடிந்திருக்கிறது பாருங்கள். நிஷாந்தி சீனிப் பொதியைக் கல்லின் மேல் வைத்தாள்.

"கையக் காட்டு பாப்பம்."

ஐவி ஈரக் கை இரண்டையும் சேர்த்து, விரித்து, வழிய வழியப் பிடித்துக் காட்டினாள். நிஷாந்திக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணீரும். பெரட்டுக் களத்தில் நடந்த முழுக் கதையையும், ஒன்று விடாமல், சத்தத்தோடு சொன்னாள். ஐவி பீலிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நிஷாந்தி அவளுடைய ஒரு கையைக் கீழே இறக்கி, மற்றக் கையின் விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கிவிட்டாள்.

"இவ்வளவுதான்டி. அவிச்ச பொறகு அளக்கணும். முதல்ல இதுல பாதி."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஒழுங்காச் சாப்புட்டு உடம்பத் தேத்து. அடுத்த வருசம் அந்தக் கடைசில நீ நிக்காட்டி நான் யாரடி இழுக்குறது?"