ஏழாவது நட்சத்திரம்

அப்பாவின் பாதங்களை மூடுவதற்காக வெள்ளை விரிப்பைக் கீழே இழுத்தபோதுதான் கிருபா அதைப் பார்த்தாள். மூலையில் நீல நூலில் ஒரு நங்கூரம். அதைச் சுற்றி ஏழு நட்சத்திரங்கள்.

சட்டென்று மூலையை உள்ளே மடித்துவிட்டு நிமிர்ந்தாள். பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பாவைச் சுற்றிச் சபைப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை.

"அம்மா, இந்த பெட்ஷீட் ஏது?"

ஜீவரத்தினம் வீங்கிய கண்களைத் திறந்தாள். "அப்பா டிரங்குப் பெட்டியில அடியில இருந்துச்சு. புதுசா, வெள்ளையா, அகலமா இருந்துச்சேன்னு அடியில விரிச்சு மேல போத்திட்டேன். ஏன்டி?"

"ஒண்ணுமில்லம்மா."

ஹோட்டலிலிருந்து வேன் புறப்பட்டுவிட்டதாகப் போதகர் வீட்டு டெலிபோனுக்குத் தகவல் வந்திருந்தது. இந்நேரம் கிண்டி தாண்டியிருக்கும்.

அப்பா தேவானந்தம் பத்து வருடங்களாக அந்த ஹோட்டலின் துணியறைப் பொறுப்பாளர். அதன் கதையைச் சாப்பாட்டு வேளையில் அவர் சொல்லாத நாளில்லை. லிவர்பூல் துறைமுகத்தில் ஒரு கப்பல் கேப்டனின் விதவை எட்டு அறைகளில் தொடங்கிய விடுதி அது. அவள் மகன் கெய்ரோவில் இரண்டாவதைத் திறந்தான். பிறகு பெய்ரூட், ஏடன், கொழும்பு, சிங்கப்பூர். ஹோட்டல் துணிகளின் மூலையில் நங்கூரத்தைச் சுற்றி ஊருக்கு ஒரு நட்சத்திரம். அறுபத்து மூன்றில் மெட்ராஸ். "ஏழாவது நட்சத்திரம் நம்மளது" என்று விரலை உயர்த்துவார். நட்சத்திரங்கள் இருபதைத் தாண்டியதும், எழுபத்தொன்றில், தலைமை அலுவலகம் நங்கூரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. "வானம் பத்தல போலிருக்கு" என்று அன்று சிரித்தார். சிரித்துவிட்டுச் சோற்றைப் பாதியில் வைத்து எழுந்தார்.

பழைய துணி ஒன்றுகூட வெளியே போகக் கூடாது, எல்லாவற்றையும் கிழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அப்போது, பிறந்த குழந்தைக்கு என்று ஒரு தலையணை உறையை எடுத்துப் போனான் ஒருவன். அவனைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்தவர் அப்பாதான். "சின்னத் திருட்டு, பெரிய திருட்டுன்னு கர்த்தர்கிட்ட கெடயாது" என்றார். அவன் வேலை போயிற்று.

வேனில் வருகிறவர்கள் இந்த மூலையைப் பார்த்தால் அப்பா திருடனாகத்தான் மண்ணுக்குள் போவார். கிருபா மறுபடி குனிந்து மடிப்பை அழுத்தினாள். கர்த்தாவே, பெட்டி மூடுகிற வரைக்கும்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். சவுரிமுத்து. வேலை போனவர் இவர்தான். இப்போது ஸ்டேஷன் பக்கம் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். மூன்று வருடங்களாக இந்தப் படி ஏறாதவர், நேரே கால்பக்கம் வந்து உட்கார்ந்து பாதங்களைப் பிடித்தார். மடிப்பு நழுவியது.

கிருபா கை நீட்டுவதற்குள் பார்த்துவிட்டார். அவர் விரல் ஒவ்வொரு நட்சத்திரமாக நகர்ந்து ஏழாவதில் நின்றது.

"இன்னா பாப்பா இது?"

"அண்ணா... எங்களுக்கே இப்பத்தான் தெரியும்ணா."

வெளியே வேன் வந்து நின்றது.

உதவி மேலாளர் யக்ஞநாராயணன் மலர்வளையத்துடன் நுழைந்தார். ஜீவரத்தினத்தைப் பார்த்துக் கைகூப்பி, "ஒரு நூல் வெளிய போனதில்லம்மா. அப்படி ஒரு மனுஷர்" என்றார். பிறகு அவர் பார்வை கீழே போயிற்று. "நீ சவுரிமுத்து இல்ல? நீ எங்கப்பா இங்க?"

சவுரிமுத்துவின் உள்ளங்கை அந்த மூலையின் மேல் விரிந்து கிடந்தது.

"வேல கத்துக் குடுத்தவரு சார். வராங்காட்டி நானு இன்னா மனுசன்?"

யக்ஞநாராயணன் மலர்வளையத்தை முன்னால் நீட்டினார். "சரி, நகரு. இதைக் கால்ல வைக்கணும்."

"குடுங்க சார்." ஒரு கையால் வாங்கி, மறு கையை எடுக்காமலே வளையத்தை அந்த மூலையின்மேல் வைத்தார்.

போதகர் ஜெபத்தை முடித்தார். "பெட்டிக்கு மாத்தணும். விரிப்போட தூக்கிடலாம். மூலைக்கு ஒருத்தர் வாங்க."

யாரோ வளையத்தை எடுத்தார்கள். யக்ஞநாராயணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கால்பக்கம் வந்தார். "நானும் பிடிக்கிறேன். அவருக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

அவர் கை நீண்டது. சவுரிமுத்து அதற்குள் மூலையை முஷ்டியில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார்.

"நீங்க பெரியவங்க சார். தலைமாட்டுல புடிங்க. இத நான் பாத்துக்கறேன்."

யக்ஞநாராயணன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு தலைப்பக்கம் போனார்.

தூக்கினார்கள். பெட்டிக்குள் இறக்கியதும் மற்ற மூவரும் விலகினார்கள். சவுரிமுத்து மண்டியிட்டு முஷ்டியைப் பிரித்தார். ஹோட்டல் கட்டில்களுக்கு என்று அப்பா எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த மடிப்பில், மூலையைச் சாய்வாக மடித்து அடியில் செருகினார். ஒரே ஒரு சுருக்கம் மிச்சமிருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியைத் தள்ளுவதுபோல், மெதுவாக இரண்டு முறை தேய்த்தார்.